பூவாடைக்காரியின் பெயர்



இது கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடத்தை நிறுத்தாத டீச்சர் என்று என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ராத்திரி சாப்பாடு முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

ஆவணியில் என் தம்பி மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை அச்சாகிவிட்டது, மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. ஆனால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாதமாக ஒரு விஷயம் மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரி படையல் போடுவதா, வேண்டாமா என்பதுதான் அது. "அக்கா ஏன் ஒன்றுமே சொல்லவில்லை" என்று கேட்டவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். என்னிடம் படித்த பிள்ளைகள் பலருடைய வீட்டிலும் இதே பேச்சு நடந்திருக்கும்.

தெரியாதவர்களுக்காக முதலில் விளக்கிவிடுகிறேன். வடசென்னையிலும், காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலைப் பக்கங்களிலும், குடும்பத்தில் சுமங்கலியாக இறந்துபோன பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவது வழக்கம். நல்ல காரியம் வரும்போது முதல் அழைப்பு அவளுக்குத்தான். எங்கள் வீட்டு வழக்கப்படி, சாயங்காலம் பம்பை, உடுக்கையோடு திருவொற்றியூர் கடற்கரைக்குப் போய்க் கரகம் ஜோடித்து வீட்டுக்கு அழைத்து வருவோம். மஞ்சள், குங்குமம், வளையல், பூ, புதுப்புடவை எல்லாம் வைத்துப் படைப்போம். பம்பைக்காரர் பாடிப் பாடி அழைக்கும்போது வீட்டில் யாராவது ஒருவர் மேல் அருள் வரும். "வந்திருக்கிறது யாரும்மா? உனக்குக் குறை ஏதாவது உண்டா? கல்யாணம் நல்லபடியா நடக்குமா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். பதில் வரும். பிறகு அந்தப் புடவையை வீட்டுப் பெண்களில் ஒருத்தி கட்டிக்கொள்வாள். செஞ்சிப் பக்கம் தங்கி இந்த வழிபாட்டை நேரில் பார்த்த இசபெல் நபோகோவ் என்ற மானிடவியலாளர் இதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 2000-இல் வந்தது.

எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி யார் என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர் என் தாத்தாவின் முதல் சம்சாரம். நாங்கள் அவரைப் பெரிய ஆயா என்போம். நாங்கள் யாரும் அவர் வயிற்றுப் பிள்ளைகள் இல்லை. அவருடைய கூடப்பிறந்த தங்கையைத் தாத்தா இரண்டாவதாகக் கட்டினார்; அந்த ஆயாவின் வம்சம்தான் நாம் எல்லோரும்.

பெரிய ஆயா இறந்தது 1942-இல். அந்த ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டான். அடுத்தது மதராஸ் துறைமுகம்தான் என்று பயந்து, ஊரைக் காலி செய்யச் சொல்லி அரசாங்கமே அறிவித்தது. தாத்தாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. அவரால் போக முடியவில்லை. நிறைமாதமாக இருந்த மனைவியை மட்டும் பொன்னேரிப் பக்கம் ஒரு சொந்தக்கார வீட்டுக்கு அனுப்பி வைத்தார். அங்கே பிரசவ வலி எடுத்தபோது பக்கத்தில் மருத்துவச்சி இல்லை. ஆயாவும் போய்விட்டார், பிறந்த பெண் குழந்தையும் தங்கவில்லை. தாத்தாவுக்குச் செய்தி வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. அவர் கடைசியாக முகம்கூடப் பார்க்கவில்லை. ஆயாவுக்கு அப்போது 20 வயது இருக்கலாம். போட்டோ கிடையாது. எந்தக் காகிதத்திலும் அவர் பெயர் இல்லை.

இப்போது படையல் வேண்டாம் என்கிறவர்கள் சொல்வதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை வீட்டார் வேறு பழக்கம் உள்ளவர்கள், அருள் வந்து ஆடுவதைப் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம். அடுக்குமாடிக் குடியிருப்பில் பம்பைச் சத்தத்துக்குப் புகார் வரும் என்ற கவலை. கரகம் ஜோடிக்கக் கடற்கரையே இல்லை என்றும் ஒருவர் எழுதியிருந்தார், அதுவும் உண்மைதான். நான் சின்னப் பெண்ணாக ஓடி விளையாடிய மணலைக் கடல் அரித்துவிட்டது. இன்று அங்கே கருங்கல் கொட்டிய கரைதான் இருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, அதைக் குழுவில் யாரும் எழுதவில்லை. பல வருஷத்துக்கு முன் நம் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் அருள் வந்தவர், "எனக்குக் குறை வெச்சது பெரிய மருமகதான்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். பேசியது ஆயாவா, அந்த மருமகளோடு ஏற்கெனவே மனத்தாங்கலில் இருந்தவரா என்று கேட்க அங்கே யாருக்கும் தைரியம் வரவில்லை. அண்ணன் தம்பி இரண்டு வீடும் ஒன்பது வருஷம் பேசிக்கொள்ளவில்லை. இந்தக் கல்யாணத்திலும் அப்படி ஒன்று நடந்துவிடுமோ என்று தம்பி பயப்படுகிறான். அந்தப் பயத்தில் அர்த்தம் இருக்கிறது.

இந்த நேரத்தில்தான் கல்யாணப் பெண்ணே எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாள்: "அத்தை, இது நம்ம வீட்ல மட்டும்தான் இருக்கா? வேற யாராவது இப்படிச் செய்றாங்களா?" கேள்வி கேட்டால் எனக்குத் தூக்கம் வராது. விம்கோ நகரில் மெட்ரோ ஏறிச் சின்னமலையில் இறங்கி, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு நாலைந்து முறை போய் வந்தேன். அங்கே படித்ததைத்தான் இனி சொல்லப்போகிறேன்.

நம் சங்க நூல்களில் குறி கேட்பது சர்வசாதாரணமாக வருகிறது. மகள் காதலால் இளைத்துப்போனால், காரணம் தெரியாத தாய் கட்டுவிச்சியைக் கூப்பிடுவாள். அவள் முறத்தில் நெல்லைப் பரப்பி எண்ணிப் பார்த்துக் குறி சொல்வாள். முருகனுக்கு ஆடும் வேலன் கழற்சிக்காய்களைப் போட்டுப் பார்ப்பான். பல பாடல்களில் இவர்கள் சொல்வது தவறாகத்தான் இருக்கும். நோய் என்னவென்று தோழிக்குத்தான் தெரியும். குறியை நம்பிய காலத்திலேயே அதைக் கேலி செய்தும் பாடியிருக்கிறார்கள்.

விரிச்சி என்று இன்னொன்றும் உண்டு. நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டில், போருக்குப் போன கணவனை நினைத்து ஒருத்தி கலங்கிக் கிடக்கிறாள். வயதான பெண்கள் ஊர்ப்புறத்துக்குப் போய் நெல்லும் முல்லைப் பூவும் தூவிக் கும்பிட்டு, காதில் விழும் முதல் நல்ல வார்த்தைக்காக நிற்கிறார்கள். அங்கே தவிக்கும் கன்றுக்குட்டியிடம், குளிரில் நடுங்கும் ஓர் ஆயர் பெண், உன் அம்மா இதோ வந்துவிடுவாள் என்கிறாள். அதையே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு வந்து தலைவியிடம் சொல்கிறார்கள். அப்படியும் அவள் கண்ணீர் நிற்கவில்லை. கன்றைத் தேற்றும் ஒரு வார்த்தையைக் கொண்டு மனுஷியைத் தேற்றப் பார்த்த அந்தக் கிழவிகளை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

முன்னோரைக் கும்பிடுவது அதைவிடப் பழசு. ஆதிச்சநல்லூர்த் தாழிகளில் இறந்தவர்களோடு பானையும் இரும்புக் கருவிகளும் சேர்த்தே வைத்துப் புதைத்திருக்கிறார்கள். தொல்காப்பியம் நடுகல் நடுவதற்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு படிகள் சொல்கிறது. கல்லைத் தேர்ந்தெடுத்து, நீராட்டி, நட்டு, படைத்து, வாழ்த்துவது. நம் படையலோடு பொருத்திப் பாருங்கள், அதிக வித்தியாசம் இல்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்களில் தமிழ்-பிராமி எழுத்து இருக்கிறது. ஆநிரை கவரும் சண்டையில் செத்த ஒரு வீரனின் பெயர் ஈராயிரம் ஆண்டு கடந்தும் அதில் நிற்கிறது. இல்வாழ்வான் காக்க வேண்டிய ஐந்து பேரைப் பட்டியலிடும் வள்ளுவரும் தென்புலத்தாரைத்தான் முதலில் வைக்கிறார்.

நம் ஊரில் மற்றவர்களும் இதை விட்டுவிடவில்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று காசிமேடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். கல்லறையைக் கழுவிப் பூப்போட்டு மெழுகுவத்தி ஏற்றிக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள்.

கப்பலில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன், "எங்க கப்பல் சீனாக்காரங்களும் ஏப்ரல் வந்தா தாத்தா பாட்டி சமாதியைச் சுத்தம் பண்ணப் போகணும்னு துடிப்பாங்க டீச்சர்" என்று எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. சிங்மிங் என்ற அந்த நாளைப் பற்றித் தேடப் போய், அதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்திய ஷாங் அரசர்கள் காலத்துக்கு வந்து நின்றேன். இன்றைக்கு 3,200 வருஷத்துக்கு முந்திய கதை.

அங்கே அரசன் எதைச் செய்வதானாலும் முன்னோரைக் கேட்பான். மாட்டின் தோள்பட்டை எலும்பிலோ ஆமையின் வயிற்று ஓட்டிலோ சிறு குழி குடைந்து, சூடு வைப்பார்கள். விரிசல் விடும். விரிசலைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். கேட்ட கேள்வியை அந்த எலும்பிலேயே செதுக்கியும் வைத்தார்கள். பிற்காலத்தில் மருந்துக்கடைகளில் 'டிராகன் எலும்பு' என்று விற்ற இந்தத் துண்டுகளில் இருப்பது பழைய எழுத்து என்று 1899-இல் வாங் யிரோங் என்ற அறிஞர் கண்டுகொண்டார். 1928 முதல் அன்யாங் நகரத்தில் முறையாகத் தோண்டினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் கிடைத்திருக்கின்றன.

கேள்விகளைப் படித்தால் நம் வீட்டுக் கேள்விகள் மாதிரியே இருக்கின்றன. மழை வருமா? விளைச்சல் எப்படி? வூ திங் என்ற அரசனுக்குப் பல்வலி. இந்தத் தகப்பன் வழி முன்னோரால் வந்ததா, அவரால் இல்லையா என்று ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கேட்கிறார்கள். ஆம் என்று ஒரு தரம், இல்லை என்று ஒரு தரம். நாம் சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் பொட்டலம் கட்டிச் சாமி முன் போட்டுக் குழந்தையை எடுக்கச் சொல்கிறோமே, அந்தக் கணக்குதான்.

அதே அரசனின் மனைவி ஃபூ ஹாவ். படை நடத்திய பெண். அவர் கர்ப்பமாக இருந்தபோது பிரசவம் நல்லபடி ஆகுமா என்று கேட்டிருக்கிறார்கள். இன்ன இன்ன நாளில் பிறந்தால் நல்லது என்று அரசன் விரிசலைப் பார்த்துச் சொல்கிறான். 31 நாள் கழித்து வேறொரு நாளில் பிறந்தது. நல்லதாக இல்லை, பெண் குழந்தை என்று எலும்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அடுத்த நிமிஷம் பெரிய ஆயாவின் நினைவு வந்தது. பொன்னேரிப் பக்கம் ஒரு குடிசையில் என்ன நடந்தது என்று எழுதி வைக்க யாரும் இல்லை. ஃபூ ஹாவின் கல்லறையை 1976-இல் திறந்தபோது உள்ளே இருந்த வெண்கலப் பாத்திரங்களில் அவர் பெயர் அப்படியே இருந்தது. ஏறத்தாழ 7,000 சோழிகளும் இருந்தன. அவரோடு பலி கொடுத்துப் புதைத்த 16 மனிதர்களின் எலும்புகளும் இருந்தன. அவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. பழையது என்பதற்காக எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதற்காகத்தான் இதையும் சொல்கிறேன்.

இதையெல்லாம் படித்த பிறகு எனக்கு ஒன்று தெளிவானது. இந்த வழிபாட்டுக்குள் இரண்டு தனித்தனி விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, இறந்தவரிடம் நடக்கப்போவதைக் கேட்பது. இன்னொன்று, இறந்தவரைப் பெயர் சொல்லி அழைத்து உட்கார வைத்துச் சோறு போடுவது. தம்பி பயப்படுவது முதலாவதுக்கு. அதை நிறுத்துகிறேன் என்று இரண்டாவதையும் சேர்த்து நிறுத்தப் பார்க்கிறோம்.

முதலாவதைப் பற்றி எனக்குக் கறாரான கருத்து உண்டு. நான் வேலை பார்த்த காலத்தில் என் வகுப்புப் பிள்ளை ஒருவனின் அப்பா மீன்பிடிக்கப் போய்த் திரும்பவே இல்லை. உடலும் கிடைக்கவில்லை. அந்த அம்மா குறி கேட்கப் போகாத இடம் இல்லை. ஒருவர் கிழக்கே உயிரோடு இருக்கிறார் என்றார். இன்னொருவர் தை பிறந்தால் வந்துவிடுவார் என்றார். காதில் கிடந்த தோடு வரை போய்விட்டது. தை பிறந்து போனது, அடுத்த தையும் போனது. சொன்னவர் யாரும் திரும்ப வந்து, நான் சொன்னது பலிக்கவில்லையே என்று கேட்கவில்லை. ஏழு வருஷம் தகவல் இல்லாவிட்டால் இறந்தவராகக் கருதச் சட்டத்தில் இடம் உண்டு. அந்த வழியில் போக மனு எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மா கையெழுத்துப் போடாமல் ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

வூ திங்கின் ஆட்களாவது சொன்னதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தார்கள். இன்று குறி சொல்கிறவர் யாராவது அப்படி ஒரு நோட்டு வைத்திருந்தால் காட்டட்டும். அதுவரை நம் வீட்டுக் கல்யாணத்தில் எதிர்காலம் கேட்க வேண்டாம். யாருக்குக் குறை, யார் குறை வைத்தது என்றும் கேட்க வேண்டாம். உயிரோடு இருக்கிறவர்களுக்குள் குறை இருந்தால் அதை நேரில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

ஆனால் இரண்டாவதை என்னால் விட முடியாது. காரணம் எளிமையானது. நம் திருவொற்றியூர்க் கோயில் சுவரில் விளக்கெரிக்கக் கொடை கொடுத்தவர்களின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. நடுகல்லில் வீரனின் பெயர் இருக்கிறது. ஆனால் மூட்டை தூக்கியவரின் மனைவிக்குக் கல் கிடையாது. 1951-52-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில், பெரும்பாலும் வட மாநிலங்களில், ஏறத்தாழ 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டி வந்தது. இன்னார் மனைவி, இன்னார் அம்மா என்று சொன்னார்களே தவிர, சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. பெரிய ஆயா அந்தத் தேர்தல் வரைகூட இல்லை. அவருக்குப் பிள்ளை இல்லை, அதனால் அம்மா என்று சொல்லவும் ஆள் இல்லை.

ஆனாலும் 80 வருஷத்துக்கு மேலாக அவர் பெயர் நம் வீட்டில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அக்காவின் இடத்துக்கு வந்த தங்கை ஒவ்வொரு நல்ல காரியத்திலும் முதலில் அக்காவைக் கூப்பிட்டார். "அவ போனதாலதான் நான் வந்தேன், நான் வந்ததாலதான் நீங்கல்லாம் வந்தீங்க" என்று எங்கள் ஆயா சொல்வார். தாத்தா ஒன்றும் சொல்ல மாட்டார். பம்பை அடிக்கும்போது வாசல் திண்ணையில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் அழுததை நான் பார்த்தது அந்த ராத்திரிகளில் மட்டும்தான். முகம் பார்க்காமல் போனவளுக்கு அவரால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். நாம் இந்த ஒரு கல்யாணத்தில் விட்டுவிட்டால், அடுத்த தலைமுறையில் அந்தப் பெயரைத் தெரிந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

ஆகவே தம்பிக்கும், குழுவில் இருக்கும் எல்லோருக்கும் என் யோசனை இது. கல்யாணத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மண்டபத்தில் வேண்டாம், என் வீட்டு மாடியில் வைத்துக்கொள்ளலாம். சாயங்காலம் 6 மணிக்கு ஆரம்பித்து 8 மணிக்குள் முடித்துவிடலாம். ஒரே ஒரு பம்பை போதும். அக்கம்பக்கத்தாரிடம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். மணல் இல்லை என்றால் என்ன, கருங்கல் பக்கம் பத்திரமாக நின்று ஒரு குடம் கடல் தண்ணீர் எடுத்து வந்தால் போதும். அருள் வந்தால் தண்ணீர் கொடுத்து, விபூதி பூசி, உட்கார வைப்போம்; கேள்வி எதுவும் கேட்க மாட்டோம். மாப்பிள்ளை வீட்டாரையும் அழைப்போம். என்ன செய்கிறோம், யாருக்குச் செய்கிறோம் என்று மறைக்காமல் சொல்வோம். 20 வயதில் பிரசவத்தில் போன ஒரு பெண்ணை மறக்காத குடும்பம் என்று தெரிந்தால் எந்தச் சம்பந்தியும் முகம் சுளிக்க மாட்டார்.

அன்று ஆயாவின் பெயரை முதலில் சொல்லி அழைக்க வேண்டியது கல்யாணப் பெண்தான். அந்தப் பெயரை இங்கே எழுதினால் தம்பிக்குப் பிடிக்காது, அதனால் எழுதவில்லை. நம் குடும்பத்துப் பிள்ளைகள் எனக்குப் போன் செய்யுங்கள், சொல்கிறேன். கதையையும் சேர்த்துச் சொல்கிறேன். கேட்டதும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

தம்பி இன்னும் சரி என்று சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டுச் சொல்வான் என்று காத்திருக்கிறேன். புடவை மட்டும் வாங்கி வைத்துவிட்டேன், மஞ்சள் நிறத்தில் அரக்குக் கரை.

என் மாணவச் செல்வங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் பாட்டியின் அம்மா பெயர் என்ன? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். தெரியாதவர்கள் இன்றைக்கே வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள். சொல்லக்கூடியவர் ஒருவராவது இன்னும் இருப்பார்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்